அப்டேட் முடிந்த காலையில் அப்பாவின் போன்

இரவு 11.30 மணிக்கு அப்பாவின் போனில் அப்டேட்டைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலை 7 மணிக்கு அப்பா போனோடு என் அறை வாசலில் நின்றார்.

"இதைக் கொஞ்சம் பாரும்மா. சித்தப்பாவைக் கூப்பிட்டா சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. முகமே வரமாட்டேங்குது."

அப்பாவும் சித்தப்பாவும் தினமும் காலையில் வீடியோ காலில் பேசிக்கொள்வார்கள். அப்பாவுக்கு இரண்டு காதிலும் மெஷின். போனில் வரும் குரல் ப்ளூடூத் வழியாக நேராக மெஷினுக்குப் போய்விடும். நேரில் பேசும்போது நாலு தடவை திரும்பக் கேட்பவர், அந்த அரை மணி நேரம் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்பார், சிரிப்பார். அந்த வீட்டுச் சத்தம் எனக்குப் பழகிப்போன ஒன்று. அன்று காலை அது இல்லை.

போனை வாங்கிப் பார்த்தேன். வைஃபை அடையாளத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் ஆச்சரியக்குறி. நெட்வொர்க் பெயரின் கீழே 'இணைந்தது, இன்டர்நெட் இல்லை' என்று இருந்தது. இதே தொல்லையில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால், அன்று நான் செய்ததைத் தவறுகளோடு சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஏரோப்ளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் விட்டு எடுத்தேன். போனை ரீஸ்டார்ட் செய்தேன். ரூட்டரையும் அணைத்துப் போட்டேன். இந்த மூன்றும் எதையும் அழிக்காத வேலைகள் என்பதால் தயங்காமல் செய்யலாம். ரூட்டரை அணைத்துப் போட்டதும் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் உடனே தென்படவில்லை என்றால் பதற வேண்டாம். அந்த அலைவரிசையில் சில சேனல்கள் வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துபவை. அந்தச் சேனலில் ரேடார் இருக்கிறதா என்று ரூட்டர் குறைந்தது 60 விநாடி கவனித்துவிட்டுத்தான் அங்கே பேசத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் வந்துவிடும்.

மூன்றும் செய்தாயிற்று. ஆச்சரியக்குறி போகவில்லை. என் போன் அதே வைஃபையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதாவது வெளியிலிருந்து வரும் லைனிலும் ரூட்டரிலும் பழுதில்லை. இங்கேதான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், சித்தப்பா காத்திருப்பார் என்ற நினைப்பு வேறு. சட்டென்று வைஃபை பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' (இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு) அழுத்திவிட்டேன். மறுபடி பாஸ்வேர்டைப் போட்டுச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை, இன்னும் மோசமானது. அதுவரை 'இணைந்தது' என்றாவது சொல்லிக்கொண்டிருந்த போன், இப்போது 'இணைக்க முடியவில்லை' என்றது. பாஸ்வேர்டை மூன்று முறை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துப் போட்டேன். அதே பதில்தான்.

வைஃபையில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று, எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 12 இடங்களில் ஓர் அடையாளம் உண்டு. முன்பெல்லாம் ஒரு போன் எங்கே போனாலும் அதே முகவரியைத்தான் காட்டும். கடைத்தெருவில் நடந்தால்கூட, இந்தப் போன் நேற்றும் இந்தப் பக்கம் வந்தது என்று அங்கிருக்கும் வைஃபை கருவிகளால் கண்டுகொள்ள முடியும். இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டும் வழக்கம் வந்தது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து, நாமாக மாற்றாவிட்டால் போன் புனைமுகவரியைத்தான் காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் ரூட்டரில் நான் பல நாளுக்கு முன்பே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அதில் இருக்கும் மேக் முகவரிகளுக்கு மட்டுமே அனுமதி. அதற்காகவே அப்பா போனில் இந்த வைஃபைக்கு மட்டும் 'போனின் சொந்த மேக்' என்று மாற்றியும் வைத்திருந்தேன். ஃபர்கெட் செய்தபோது பாஸ்வேர்டோடு சேர்ந்து அந்த மாற்றமும் அழிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த போன் புனைமுகவரியோடு போய் நின்றது. ரூட்டர் கதவைத் திறக்கவில்லை.

கண்டுபிடித்தது இப்படித்தான். என் போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து அந்தப் பட்டியலைப் பார்த்தேன். அப்பா போனில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து அங்கே இருந்த மேக் முகவரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு. புனைமுகவரியை ஒரே பார்வையில் அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. இடமிருந்து இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் போட்டதல்ல, போனே உருவாக்கிக்கொண்டது. அப்பா போனில் அந்த இடத்தில் 6 இருந்தது.

பழையபடி சொந்த மேக்குக்கு மாற்றியிருக்கலாம். நான் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டேன். மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமல்தான் போகிறது. பக்கத்தில் இருக்கும் யாரும் அதைப் பிடித்துத் தங்கள் கருவிக்கு வைத்துக்கொள்ள முடியும். அதனால் அந்தப் பட்டியல் ஒரு பெரிய பூட்டு அல்ல. நீளமான நல்ல பாஸ்வேர்டும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் தரும் காவலை அது தருவதில்லை. வீட்டில் இப்படிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

சரி, போன் மறுபடி இணைந்தது. ஆச்சரியக்குறியும் அப்படியே திரும்பி வந்தது. முக்கால் மணி நேரம் உழைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தேன். அப்பா, "விடும்மா, சாயந்திரம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சொல்தான் என்னை நிதானப்படுத்தியது. இனி எதையும் அழிப்பதில்லை, எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

வைஃபை இணைப்பை நாம் ஒரே காரியமாக நினைக்கிறோம். உள்ளே அது படிப்படியாக நடக்கிறது. போன் முதலில் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். பிறகு பாஸ்வேர்டைச் சொல்லி உள்ளே போக வேண்டும். உள்ளே போனதும் ரூட்டரிடம் ஓர் ஐபி முகவரி (அந்த நெட்வொர்க்கில் போனுக்கான விலாச எண்) வாங்க வேண்டும். அப்புறம் நாம் தட்டும் தளத்தின் பெயரை டிஎன்எஸ் என்ற சேவையிடம் கேட்டு அதற்கான எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் எதுவும் திறக்கும். எந்தப் படியில் நின்றாலும் நம் கண்ணுக்கு 'வைஃபை வேலை செய்யவில்லை' என்றுதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் மருந்து வேறு.

அப்பா போனில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து ஐபி முகவரியைப் பார்த்தேன். 192.168.1 என்று தொடங்கியது. ரூட்டர் கொடுத்த முகவரிதான். அந்த இடம் காலியாகவோ 169.254 என்று தொடங்கும் எண்ணாகவோ இருந்திருந்தால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். இங்கே கிடைத்திருக்கிறது. ஆக, மூன்று படிகள் தாண்டியாயிற்று.

அடுத்து மொபைல் டேட்டாவை அணைத்தேன். இதை மறக்கக் கூடாது. வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்தால் பல போன்கள் சொல்லாமலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், சோதனை குழம்பிப் போகும். பிறகு பிரவுசரில் 192.168.1.1 என்று எண்ணைத் தட்டினேன். ரூட்டரின் பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. அடுத்து ஒரு செய்தித் தளத்தின் பெயரைத் தட்டினேன். சுற்றியது, சுற்றியது, திறக்கவில்லை.

அப்பாவை அழைத்து இரண்டையும் காட்டினேன். "எண்ணைப் போட்டா போகுது, பேரைப் போட்டா போகலை, பாருங்கப்பா." அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விலாசம் தெரிஞ்ச வீட்டுக்குப் போக முடியுது, பேரைச் சொல்லி வழி கேட்டா சொல்ல ஆள் இல்லை, அதானே?" என்றார். அதேதான். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

வழி சொல்லும் ஆள் எங்கே போனார்? இப்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவை மட்டும் போட்டேன். அதிலும் எந்தத் தளமும் திறக்கவில்லை. இந்த ஒரு சோதனையை முதல் நிமிடத்திலேயே செய்திருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும். வைஃபையிலும் இல்லை, மொபைல் டேட்டாவிலும் இல்லை என்றால் குற்றம் வைஃபை மேல் இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று போனுக்குள் இருக்கிறது. அது விபிஎன்னாக (இன்டர்நெட் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) இருக்கலாம், பிரைவேட் டிஎன்எஸ்ஸாக இருக்கலாம், தேதியும் நேரமும் தப்பாகிப்போனதாகக்கூட இருக்கலாம். தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதி ஆனவைபோலத் தெரிந்து போன் அவற்றை ஏற்காது.

தேதி சரியாக இருந்தது. விபிஎன் எதுவும் இல்லை. பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் திறந்தேன். அங்கே நான் எப்போதோ தட்டி வைத்த ஒரு சர்வரின் பெயர் இருந்தது.

உடனே நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா செய்தி படிக்கும்போது 'உங்கள் போனில் வைரஸ்' என்று பொய் விளம்பரங்கள் வந்து அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தன. ஒருநாள் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, மதியம் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்தார். அதன் பிறகுதான் விளம்பரங்களை வடிகட்டும் ஒரு டிஎன்எஸ் சேவையின் பெயரை அங்கே போட்டேன். ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2018இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. பெயரைக் கேட்கும் அந்தப் பேச்சு வெளியே யாருக்கும் தெரியாதபடி குறியாக்கத்தோடு போகும். இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டால், மறைத்துப் பேச வழியில்லாதபோது போன் சாதாரண டிஎன்எஸ்ஸுக்குப் போய்விடும். நாமே ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால், அந்தச் சர்வர் பதில் சொல்லாதபோது போன் வேறு யாரிடமும் கேட்காது. மறைவாகக் கேள் என்று நாம் சொன்ன சொல்லை அது காப்பாற்றுகிறது. பழுது என்று அதைச் சொல்ல முடியாது.

'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினேன். சில விநாடிகளில் ஆச்சரியக்குறி மறைந்தது. சித்தப்பா அனுப்பிய செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசிச் செய்தி, "அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

அப்பா அவரோடு பேசப் போனதும், சந்தேகத்துக்காக அதே சர்வர் பெயரை என் போனில் போட்டுப் பார்த்தேன். என் போனுக்கு எந்த அப்டேட்டும் வரவில்லை. அதிலும் இன்டர்நெட் நின்றது. ஆக, அந்தச் சேவைதான் அந்தப் பெயரில் பதில் சொல்வதை நிறுத்தியிருக்கிறது. அதே இரவில் அப்டேட் முடிந்தது, அவ்வளவுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காலையிலிருந்து நான் காக்கையையே விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. இப்படி ஆகும்போது போன் பெரும்பாலும் ஓர் அறிவிப்பைக் காட்டும், பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை என்று. அப்பாவிடம் கேட்டேன். "காலையிலே ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு. நிறைய வந்துச்சு. எல்லாத்தையும் தள்ளி விட்டுட்டேன்." அப்டேட் முடிந்த காலையில் அறிவிப்புகள் குவியத்தான் செய்யும். அன்று ஒருநாள் மட்டும் அவற்றைத் தள்ளிவிடும் முன் படித்துவிடுங்கள்.

அப்டேட்டே காரணமாக இருக்கும் சமயங்களும் நிறைய. இரண்டாவது தொல்லை அப்படிப்பட்டதுதான்.

பேசி முடித்து வந்த அப்பா, "சத்தம் வருது, ஆனா கூட்டிக் குறைக்க முடியலை" என்றார். காது மெஷினுக்கென்று போனில் ஒரு ஆப் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டுவது, கூட்டத்தில் இருக்கும்போது பின்னணி இரைச்சலைக் குறைப்பது எல்லாம் அதில்தான். திறந்தால், 'கருவி கிடைக்கவில்லை'. மெஷினோ ப்ளூடூத் பட்டியலில் 'இணைந்தது' என்றே நின்றது.

ப்ளூடூத் தொல்லை என்றாலே எல்லோரும் சொல்வது, ஜோடியை நீக்கிவிட்டு மறுபடி சேர் என்பது. சில சமயம் அதுதான் தீர்வும். ஜோடி சேரும்போது இரண்டு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியை ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் தொலைந்துபோனால் மறுபக்கம் பழைய சாவியையே நீட்டிக்கொண்டிருக்கும், கதவு திறக்காது. அப்போது இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதுதான் வழி. ஆனால் இங்கே சத்தம் வந்துகொண்டிருந்தது. சாவி பொருந்துகிறது, கதவும் திறந்திருக்கிறது. பிறகு எதற்கு ஜோடியை உடைப்பது? அதுவும் காது மெஷின் பெரும்பாலும் அணைத்துப் போட்ட முதல் சில நிமிடங்கள் மட்டுமே புது ஜோடிக்குத் தயாராக இருக்கும். முதலில் செய்த தப்பை மறுபடி செய்யக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, இந்த ஆப்பைத் திறந்தப்போ ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அனுமதிக்கலாமான்னு. வேண்டாம்னு அழுத்திட்டேன். மறுபடியும் கேட்டுச்சு. மறுபடியும் வேண்டாம்னேன். நீதானே சொன்னே, தெரியாம எதுக்கும் சரின்னு அழுத்தக்கூடாதுன்னு."

அவர் செய்தது முழுக்கச் சரி. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், ப்ளூடூத் வழியாகப் பக்கத்தில் இருக்கும் கருவிகளைத் தேடவும் பேசவும் ஆப்களுக்கு 'நியர்பை டிவைசஸ்' என்று தனியாக ஓர் அனுமதி வேண்டும். அதற்கு முன் இப்படித் தேட இருப்பிட அனுமதியைக் கேட்பார்கள். காது மெஷினுக்கு நான் இருக்கும் இடம் எதற்கு என்று அப்பாவே ஒருமுறை கேட்டிருக்கிறார். இப்போது அதைப் பிரித்துவிட்டார்கள், நல்லதுதான். பழைய பதிப்பிலிருந்து மேலே ஏறிய அப்பா போனில் அந்த ஆப் புதிதாக அனுமதி கேட்டிருக்கிறது. இரண்டு முறை 'வேண்டாம்' என்றுவிட்டால் ஆப் மறுபடி கேட்க முடியாது. நாமாகத்தான் செட்டிங்ஸில் ஆப்ஸுக்குப் போய், அந்த ஆப்பின் பெர்மிஷன்ஸைத் திறந்து, நியர்பை டிவைசஸை 'அலோ' என்று மாற்ற வேண்டும். மாற்றினேன். ஆப்பை மூடித் திறந்ததும் இடது, வலது என்று இரண்டு மெஷினும் தெரிந்தன. அரை நிமிட வேலை.

நடுவில், நெட்வொர்க் செட்டிங்ஸ் முழுவதையும் ரீசெட் செய்துவிடலாமா என்று எனக்கே தோன்றியது. இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரீசெட் என்று போனால் அது கிடைக்கும். ஐபோனில் ஜெனரலுக்குள் கடைசியில் இருக்கும் ரீசெட்டில். போட்டோக்களும் செய்திகளும் போகாது. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அத்தனையும் போய்விடும், விபிஎன் அமைப்புகளும் போகும். அப்பா போனில் ப்ளூடூத் ஜோடிகளும் அதோடு போயிருக்கும், காது மெஷின் உட்பட. ஆண்ட்ராய்டில் அந்தப் பக்கத்திலேயே இசிம்மை (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) அழிக்கும் தேர்வும் இருக்கலாம். இசிம் வைத்திருப்பவர்கள் அதில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அழித்துவிட்டால் மறுபடி வாங்க அலைய வேண்டியிருக்கும். ரீசெட் ஒரு நல்ல மருந்துதான். எந்தப் படியில் நிற்கிறது என்று தேடியும் பிடிபடவில்லை என்றால் எடுக்க வேண்டிய கடைசி மருந்து.

வீட்டு வைஃபை ஓடுகிறது, அலுவலக வைஃபை மட்டும் அப்டேட்டுக்குப் பிறகு மறுக்கிறது என்றால் அது வேறு விஷயம். பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் அந்த நெட்வொர்க்குகளில், முன்பு சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காமலே உள்ளே போக ஒரு தேர்வு இருந்தது. 2020 டிசம்பர் வாக்கில் ஆண்ட்ராய்டு 11இல் அதை எடுக்கத் தொடங்கினார்கள். போலி வைஃபையில் பாஸ்வேர்டைப் பறிகொடுக்காமல் இருக்கத்தான். இதைப் போனில் மட்டும் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. எந்தச் சான்றிதழ், எந்த டொமைன் பெயர் என்று அலுவலகத்தில் நெட்வொர்க் பார்ப்பவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. மேலிருந்து இழுத்து வரும் கன்ட்ரோல் சென்டரில் வைஃபையைத் தொட்டால் அது முழுதாக அணைவதில்லை, அப்போதைய இணைப்பு மட்டும்தான் விடுபடும். அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் செட்டிங்ஸுக்குள் போய்த்தான் அணைக்க வேண்டும்.

அன்று மாலை ஒரு பழைய நோட்டை எடுத்து அப்பா போனில் நான் மாற்றி வைத்தவற்றை எல்லாம் எழுதினேன். என்ன மாற்றினேன், எதற்காக, எந்தத் தேதியில். பிரைவேட் டிஎன்எஸ், முன்பு சர்வர் பெயர், இப்போது ஆட்டோமேட்டிக். ரூட்டரில் மேக் பட்டியல், நீக்கியாயிற்று. விளம்பரத்தை வடிகட்ட வேறு ஒரு சேவையைத் தேட வேண்டும், அந்த வரி மட்டும் பாதியில் நிற்கிறது.

நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது கீழே ஒரு வரி கூடியிருந்தது. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து, தேதியோடு: 'காது மெஷின் ஆப் — பக்கத்துக் கருவி அனுமதி — சரி என்று சொல்லலாம்.'